நரம்பு – ஒரு சொல்லாராய்ச்சி

சொல் என்பது பொருளை உணர்த்துங் கருவி என்பதை இலக்கணங் கற்கும் மாணவர் யாவரும் அறிவர். அக்கருவியைப் பிழைபட வழங்கின் எத்துணை இன்னல் விளையும் என்பதனை எமக்கு உணர்த்தியவன், வட்டவளையில் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனே. நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென அன்பர்கள் பணித்தபோது, அம்மாணவன் எம்மைக் கேட்ட கேள்வியையே பொருளாகக் கொண்டு எழுதத் துணிந்தோம். யாம் பயிற்றப்பட்ட தமிழாசிரியரேயன்றி மருத்துவம் பயின்றவரல்லேம். ஆதலின் ஈண்டு ஆராய்வது நோயையன்று. நோயுற்றார் வாயில் வழங்கும் ஒரு சொல்லையே.

நிகழ்ந்தது இது. சில ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பிற் பயின்ற அம்மாணவனின் தாயார் கால் நோயால் வருந்தினார். கொழுந்து பறிக்குந் தொழிலாளியாகிய அவ்வம்மையார், விடியற் பெரட்டு முதல் மாலை நிறுவை வரையிலும் மலைச்சரிவில் நின்ற காலோடு நிற்பவர். லயத்தில் உள்ளோர் அந்நோயை 'நரம்பு சுருட்டல்' என்றனர். மகனையும் துணைக்கொண்டு அவர் ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றார். அன்று அங்குத் தமிழறிந்தார் எவரும் இலர், மகனே மொழிபெயர்ப்பாளனாயினான். யாம் வகுப்பில் மாணவர்க்கு மூன்று நிரலாகச் சொற்களை எழுதுவித்திருந்தோம்: தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், சிங்களச் சொல். அதில் நரம்பு என்பதற்கு நேரே 'நேர்வ்' என்றும் 'ஸ்நாயு' என்றும் இருந்தன. மாணவன் தான் படித்ததை மறவாது, தாயாருக்கு 'ஸ்நாயு' வருத்தம் என்று மொழிந்தான். துண்டும் அவ்வண்ணமே எழுதப்பட்டது. அம்மையார் தொலைவிலுள்ள நரம்பியற் பிரிவு ஒன்றிற்கு அனுப்பப்பட்டார்.

அதற்குக் குறித்த நாள் வருவதற்குள் மாதங்கள் சில கழிந்தன. கணுக்காலின் மேற்றோல் கறுத்து, வெடித்து, ஆறாப் புண்ணாயிற்று. ஈற்றில் அவரைக் கண்ட வைத்தியர், அவரை எழுந்து நிற்கச் செய்து, முழங்காலின் கீழே நோக்கினார். நீலநிறமாய்ப் புடைத்து முறுக்குண்டு கிடந்தவை குருதிக் குழாய்கள். 'நஹர' என்று ஒரே சொல்லிற் கூறினாராம். சிங்கள மக்கள் தம் வீட்டிலே வழங்கும் சொல் அது. பின்னர் காலுக்கு இறுக்கமான கட்டு இட்டும், படுக்கையிற் காலை உயர்த்தி வைக்கச் செய்தும், புண்ணுக்கு மருந்திட்டும் நோயைத் தணித்தனர். புண் ஆறுதற்குப் பல மாதங்கள் சென்றன.

மாணவன் எம்மிடம் வந்து, "சேர், நீங்க எழுதித் தந்த சொல்லைத்தானே நான் சொன்னேன்?" என்று கேட்டான். அவன் குரலிற் சினமில்லை, ஐயமே இருந்தது. யாம் மறுமொழி கூறமாட்டாது நின்றோம். பிறர்மீது குறை கூறுதற்கு இதனை எழுதுகின்றோமல்லேம். குறை எமது கரும்பலகையிலிருந்தே தொடங்கிற்று. அவனுக்கு அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றோம்.

தமிழில் நரம்பு

நரம்பு என்னுஞ் சொல் தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் இசைநூலைச் சுட்ட நேருமிடத்து நரம்பு என்னுஞ் சொல்லை வைத்தே அதனைச் சுட்டுகின்றது. பழந்தமிழர் யாழிற் கட்டிய இசைத்தந்தியே நரம்பு. செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும், பேரியாழுக்கு 21 நரம்பும் உரியன என்பர். பின்னர்த் தந்தியைக் குறித்த அச்சொல் தந்தியிற் பிறக்கும் இசைக்கும் ஆகி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் நரம்பு எனவே வழங்கப்பட்டன. கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யாழ் நூல்' இவற்றையெல்லாம் விரித்துரைப்பது.

உடம்பின் உறுப்பாகவும் நரம்பு பழம்பாடல்களில் வரும். புறநானூற்றின் 278ஆம் பாட்டில், போரிற் பட்ட மகனைத் தேடிச் செல்லும் மூதாட்டியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் நமக்குக் காட்டுகின்றார். அவள் வற்றிய தோளில் மேலெழுந்து தோன்றுவனவாக அவர் கூறுவது நரம்பையே. கண்ணுக்குப் புலப்படப் புடைத்து நிற்பது குருதிக் குழாயே என்பது வெளிப்படை. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறும் நம் பாட்டிமாரின் முன்கையைப் பார்ப்பார்க்கு அப்பாட்டுக்கு உரை வேண்டுவதில்லை.

இற்றைநாள் வழக்கை நோக்குவாம். 'நரம்பில் ஊசி போட்டார்கள்' என்னுமிடத்து நரம்பு குருதிக் குழாய். 'கணுக்காலில் நரம்பு பிசகிவிட்டது' என்னுமிடத்து, தசையை எலும்போடு பிணைக்கும் நாண். அல்லது எலும்பை எலும்போடு பிணைக்குங் கட்டு. 'நரம்புத் தளர்ச்சி' என்னுமிடத்து, மூளையினின்றும் முண்ணாணினின்றும் பிரிந்து உணர்வையும் ஏவலையுங் கொண்டு செல்லும் இழை. இவை மூன்றன்றியும், தேயிலையை வெயிலுக்கு நேரே பிடித்து நோக்குவார்க்குத் தோன்றும் கோடுகளையும் இலைநரம்பு என்றே சொல்கின்றோம்.

ஒரு சொல் இத்தனை பொருளை எங்ஙனம் பெற்றது? இவை யாவற்றுக்கும் பொதுவாயுள்ளது வடிவமேயாம். மெல்லியதாய், நீண்டதாய், இழைபோன்று ஓடுவது எதுவோ அது நரம்பு. பெயரிட்டார் கண்ணாற் கண்டும் விரலாற் றொட்டும் பெயரிட்டனர். உள்ளே ஓடுவது குருதியா, உணர்வா, அன்றி ஒன்றும் ஓடாத திண்ணிய நாணா என்பதை அறிய உடலை அறுத்துக் காணல் வேண்டும். அவ்வறிவு எந்நாட்டினர்க்கும் பின்னரே வந்தது.

கிரேக்கமும் இலத்தீனும்

தமிழர் மாத்திரம் இங்ஙனம் மயங்கினர் என்று கருதற்க. கிரேக்க மொழியில் 'நியூரோன்' என்பது முதலில் தசைநாணுக்கும் வில்லின் நாணுக்கும் யாழின் தந்திக்கும் பெயராயிருந்தது. ஹோமரின் 'இலியத்' காவியத்தில் அது வில்நாணாக வருகின்றது. அறிஞர் அரிஸ்தோத்தில் (கி.மு. 384–322) உணர்ச்சிக்கு இருப்பிடம் இதயம் என்றே கருதினார், நியூரோன்களும் இதயத்தினின்றே தோன்றுகின்றன என்றார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரில் ஹெரோபிலசு என்னும் மருத்துவர் மனித உடலை அறுத்தாராய்ந்து, நாண் வேறு, உணர்வைக் கொண்டு செல்லும் இழை வேறு என்று பிரித்தறிந்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான காலன் என்பவர், கதறும் பன்றியின் தொண்டையருகே செல்லும் ஓர் இழையை அறுத்தவுடன் அதன் குரல் அடங்கியதைப் பலரறியக் காட்டினார்.

பொருள் இரண்டாயிற்று, சொல்லோ பழைய சொல்லாகவே நின்றது. நியூரோன் என்னும் நாணின் பெயர் மெல்ல மெல்ல உணர்விழைக்கு உரியதாயிற்று. 1891ஆம் ஆண்டில் வால்டையர் என்னும் யேர்மானிய அறிஞர் நரம்புக்கலத்துக்கும் அப்பெயரையே சூட்டினார். ஆயினும், தட்டையான தசைநாண் விரிப்பை இன்றும் மருத்துவர் 'அப்பொனியுரோசிசு' என்கின்றனர். உணர்விழைக்கும் அதற்கும் யாதுந் தொடர்பில்லை. இடிந்த வீட்டின் ஒரு தூண் தனித்து நிற்பதுபோல, பழம்பொருள் அவ்வொரு சொல்லில் எஞ்சி நிற்கின்றது.

இலத்தீன் மொழியின் 'நெர்வசு' என்பதும் அங்ஙனமே நாண், தந்தி, உணர்விழை என்னும் மூன்றையுங் குறித்தது. அதன் வழிவந்த ஆங்கிலச் சொல் சேக்ஸ்பியரின் 'ஹம்லெட்' நாடகத்தில் சிங்கத்தின் வலிய தசைநாணைக் குறித்து வருகின்றது. அரபு மொழியின் 'அசப்' என்னுஞ் சொல்லும் நாணுக்கும் நரம்புக்கும் பொதுவானதே.

பெயரிலே பழைய நம்பிக்கைகள் உறைந்து கிடத்தற்கு மற்றோர் உதாரணமுங் காட்டலாம். ஆங்கிலத்தில் 'ஆட்டரி' எனப்படுங் குழாய், இறந்தார் உடலில் வெறுமையாய்க் காணப்பட்டமையின், காற்றுச் செல்லுங் குழாயெனப் பண்டைக் கிரேக்கர் சிலராற் கருதப்பட்டது. அதில் ஓடுவது குருதியே என நிறுவியவரும் மேற்கூறிய காலனே. வடமொழியின் 'தமனி' என்பதும் ஊதுதல் என்னும் பொருளுடைய வேரிலே பிறந்த சொல். தொடர்பில்லா இரு நாட்டார் ஒரே நினைவினராயிருந்தமை வியத்தற்குரியது.

வடமொழியும் சிங்களமும்

சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூல் உடலில் 'ஸ்நாயு' 900 என்றும், 'சிரை' 700 என்றும் எண்ணிக் கூறுகின்றது. மரக்கலத்தின் பலகைகள் கயிறுகளாற் பிணிப்புண்டு பாரந்தாங்குதல்போல, உடலின் மூட்டுக்கள் ஸ்நாயுக்களாற் பிணிப்புண்டு பாரந்தாங்குகின்றன என அந்நூல் உவமை காட்டும். ஆகவே அந்நூலாசிரியர் கருதிய ஸ்நாயு கட்டும் நாணுமேயன்றி உணர்விழையன்று. பிற்காலத்தார் ஆங்கில நூல்களை மொழிபெயர்க்கும்போது, வங்காளத்திலும் சிங்களத்திலும் ஸ்நாயு என்பதை உணர்விழைக்கு உரிய கலைச்சொல்லாக்கினர். இந்தி மொழியினர் 'தந்திரிகா' என்று ஒரு சொல் ஆக்கிக்கொண்டனர். அதன் அடிச்சொல் வீணையின் தந்தியே. தமிழன் யாழில் கேட்ட நரம்பையே அவர்கள் வீணையிற் கண்டனர் போலும்.

இனி, நமது அம்மையாரின் நோய்க்குத் திறவுகோலாய் அமைந்த 'நஹர' என்னுஞ் சொல்லுக்கு வருவாம். வடமொழி ஸ்நாயுவுக்கு நேரான பாளிச் சொல் 'நஹாரு'. அது பேச்சுவழியே இறங்கிச் சிங்களத்தில் நஹர ஆயிற்று. ஸ்நாயு நூல்வழியே அம்மொழிக்குட் புகுந்தது. ஒரு குடியிற் பிறந்த இருவருள் ஒருவர் ஊரிலேயே தங்கிக் குருதிக் குழாய்க்கும் நாணுக்கும் பெயராயினர். மற்றவர் பட்டணஞ் சென்று கற்று உணர்விழைக்குப் பெயராயினர். எம் மாணவன் படிக்காதவனாயிருந்து, கடைத்தெருவிற் கேட்ட நஹர என்னுஞ் சொல்லைக் கூறியிருப்பானாயின், அவன் தாயாரின் கால் முதல் நாளிலேயே பார்க்கப்பட்டிருத்தல் கூடும். படித்த சொல் பிழைத்தது. பாமரர் சொல் நோயைக் காட்டிற்று.

யப்பானியர் ஆக்கிய சொல்

1771ஆம் ஆண்டில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், சுகித்தா கென்பக்கு, மாயெனோ ரியோத்தாக்கு முதலாய மருத்துவர்கள் தண்டனையுற்று இறந்த ஒருவரின் உடல் அறுக்கப்படுவதை நேரிற் கண்டனர். கையில் ஒல்லாந்த மொழியிலமைந்த உடலமைப்பு நூலொன்று இருந்தது. அதிலுள்ள படங்கள் உண்மையோடு ஒத்திருந்தமை கண்டு வியந்து, அதனை மொழிபெயர்க்கத் தொடங்கினர். 1774ஆம் ஆண்டில் அந்நூல் வெளிவந்தது. உணர்விழைக்கு நேரான சொல் அவர்தம் மொழியில் இல்லாமையால், உயிராற்றலைக் குறிக்கும் எழுத்தொன்றையும், அது செல்லும் வழியைக் குறிக்கும் எழுத்தொன்றையும் இணைத்து 'சின்கெய்' என்று புதுச்சொல் ஆக்கினர். அச்சொல்லே பின்னர்ச் சீனத்துக்கும் கொரியாவுக்கும் பரவிற்று. பழஞ்சொல்லைப் புதுப்பொருட்கு ஏற்றாமையின், நாணோடு மயங்கும் இடர் அவர்க்கு நேர்ந்திலது.

ஒலியொப்புமை உறவாகாது

நரம்பு, நியூரோன், நெர்வசு, நஹர என இவற்றை ஒருங்குவைத்து நோக்கும் மாணவர், இவை யாவும் ஒரே சொல்லின் திரிபெனத் துள்ளுதல் இயல்பு. யாமும் இளமையில் அங்ஙனம் துள்ளியதுண்டு. ஆயின் மொழிநூல் வழி வேறு.

இரு சொற்கள் உறவுடையனவா என்பதை அறிய, அவற்றின் பழைய வடிவங்களைத் தேடல் வேண்டும். நியூரோனுக்கு இனமான வடமொழிச் சொல் 'ஸ்நாவன்'. பழைய ஈரானிய மொழியாகிய அவெஸ்தாவில் 'ஸ்நாவர்'. கிரேக்கத்தில் அச்சொல்லின் முதற்கண் நின்ற சகர ஒலி தேய்ந்தது. பாளியிலும் சிங்களத்திலும் அவ்வொலி தன் உருவிழந்தது. ஆகவே சிங்களத்தின் நஹரவும் கிரேக்கத்தின் நியூரோனும் தொலைதூரத்து உறவினரே.

நரம்பின் நிலை வேறு. தமிழில் அதற்கு 'ஞரம்பு' என்னும் வடிவமுண்டு. மலையாளத்தில் இன்றும் ஞரம்பு என்பதே வழக்கு. ஞண்டு என்பது நண்டு ஆனதுபோல் ஞரம்பு நரம்பாயிற்று. கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு. பரோ, எமனோ என்னும் பேரறிஞர் இருவரும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவற்றைத் திராவிடக் குடும்பத்துச் சொற்களாகத் தொகுத்துள்ளது. பின்னோக்கிச் செல்லுந்தோறும் ஒன்று ஸ்நா என்றும் மற்றொன்று ஞர என்றும் விலகிப்போதல் காண்க. மெய்யுறவினர் பழமையை நோக்கிச் செல்லச் செல்ல அணுகுவர், போலியுறவினர் அகல்வர். ஒலியால் உறவில்லாத இச்சொற்கள் பொருளால் ஒரே வழியில் நடந்தன என்பதே இவ்வாராய்ச்சியின் இனிய பயன். வில்லும் யாழும் உடையோர் எந்நாட்டினராயினும் தம்முடலின் உள்ளே வில்நாணையும் யாழ்நரம்பையுமே கண்டனர்.

மானிப்பாய் தந்த பாடம்

ஆங்கில மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த பெருமை நம் இலங்கைக்கு உரியது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியப் பணியாற்றி, தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். அவர் முயற்சியால் 1872ஆம் ஆண்டில் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடலமைப்பு நூல் வெளிவந்தது. கேசாதிபாதம் என்னும் நம் சிற்றிலக்கியப் பெயரை அது நினைவூட்டுகின்றது. 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என மேலும் பல நூல்கள் அவர் வழி எழுந்தன. கலைச்சொல் ஆக்குங்கால், மக்களிடத்து வழங்குந் தமிழ்ச் சொல் உண்டா என்பதை முதலில் தேடுதலும், இல்லாவிடத்து வடமொழியை நாடுதலும், அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் எழுதுதலும் அவர் கைக்கொண்ட முறையாகும்.

இற்றைநாள் நம் பாடநூல்களில் நரம்பு என்பது உணர்விழைக்கே உரித்தாக்கப்பட்டுவிட்டது. குருதிக் குழாய்களை இலங்கையில் நாடி, நாளம் என்றும், தமிழ்நாட்டில் தமனி, சிரை என்றும் வகுத்துள்ளனர். இதயத்தினின்று செல்வது நாடி அல்லது தமனி. இதயத்துக்கு மீள்வது நாளம் அல்லது சிரை. அறிவியலுக்கு இத்தகைய வரையறை இன்றியமையாதது. ஒரு சொல் ஒரு பொருளையே குறித்தல் வேண்டுமென்பது அங்கு விதி. ஆயின் லயத்து வாசலில் அவ்விதி செல்லாது. அங்கு நரம்பு நச்செள்ளையார் காலத்துப் பரந்த பொருளோடே வாழ்கின்றது. பாடநூலின் நரம்பும் லயத்தின் நரம்பும் ஒன்றென எண்ணியதே யாம் செய்த தவறு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

அந்நிகழ்ச்சியின் பின்னர் எம் வகுப்பில் மூன்று நிரல்கள் நான்காயின. நான்காம் நிரலின் தலைப்பு 'வீட்டில் வழங்குஞ் சொல்'. அதனை நிரப்புவோர் மாணவரே. பாட்டனாரையும் அம்மாயியையும் கேட்டு அவர்கள் கொண்டுவருஞ் சொற்கள் சில எம் அகராதிகளிற் காணக்கிடையாதன.

நோயுற்றார்க்கு மொழிபெயர்க்கச் செல்லும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. நோயாளர் நரம்பு என்றால் உடனே அதனை மொழிபெயர்த்தல் கூடாது. "எங்கே அம்மா? தொட்டுக் காட்டுங்கள், எப்படி இருக்கின்றது?" என வினவுக. நிற்கும்போது நீலமாய்ப் புடைக்கின்றது என்பாராயின் அது நாளமாதல் கூடும். விரல் விறைக்கின்றது, ஊசி குத்துவதுபோல் உளது என்பாராயின் அது உண்மையான நரம்பின் குறியாகலாம். மூட்டருகே அசைக்குந்தோறும் வலிக்கின்றது என்பாராயின் நாணோ கட்டோ ஆகலாம். நோய் இன்னதென்று துணிதல் வைத்தியர் கடன். காட்டிய இடத்தையும் கூறிய வருத்தத்தையும் உள்ளவாறு எடுத்துரைத்தலே மொழிபெயர்ப்பான் கடன். சொல் அறியாவிடத்து விரலாற் காட்டுதல் இழிவாகாது.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் வந்த பின்னரும், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தாயின் நோய்க்குத் தானே மொழிபெயர்ப்பாளனாக நிற்க நேர்ந்தது. ஆங்கு அவனுக்குத் துணையாவது பள்ளியிற் கற்ற சொல்லேயாதலின், அச்சொல்லைத் திருத்தமாகக் கற்பித்தல் ஆசிரியராகிய எம்மேல் விழுந்த பொறுப்பாகும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மருத்துவரும் தாதியரும் ஆசிரியரும் பலர் உளர். தோட்டத்து மக்கள் நோய்க்கும் உறுப்புக்கும் வழங்குஞ் சொற்களைத் தொகுத்து, நேரான சிங்கள வழக்கையும் மருத்துவப் பெயரையும் அருகே எழுதிய சிறு கைநூல் ஒன்றை இவ்விழாவின் நினைவாக வெளியிடல் வேண்டுமென அவர்களை வேண்டுகின்றோம். எம் மாணவர் நிரப்பிய நான்காம் நிரலை அதற்கு முதற்படியாக அளிக்கச் சித்தமாயுள்ளோம்.

அவ்வம்மையார் இப்பொழுது காலிற் கட்டிட்டு மீண்டும் மலையேறுகின்றார். அவர் மகன் உயர்தரத்தில் உயிரியல் கற்கச் சென்றான். அவன் கேட்ட கேள்விக்கு இக்கட்டுரையே எம் விடை: ஆம் தம்பி, நீ சொன்னது யாம் எழுதித் தந்த சொல்லே, உன் அம்மா சொன்னதை யாம் கேட்டிருத்தல் வேண்டும்.

விழாக் காணும் நம் கல்லூரி நீடு வாழ்க!